ஏழாவது துள்ளல்

குழாய்ச் சோதனைக்காரர் எதையும் அறுக்கமாட்டார், உடைக்கமாட்டார். கம்பிச்சுருள் பொருத்திய முனையைக் குழாய்க்குள் விட்டு மெல்ல இழுப்பார். சுருளில் ஓடும் மின்சாரம் எஃகுச் சுவரில் காந்தத்தைக் கிளப்ப, அதன் பதில் திரையில் கோடாக ஓடும். கோடு துள்ளினால் சுவரில் ஏதோ கோளாறு. ஆனால் குழாயைத் தாங்கும் தட்டுகளைத் தாண்டும்போதும் கோடு துள்ளத்தான் செய்யும். அவர் கடைசியாகச் சோதித்த ஆலைக் கொதிகலனில் குழாய்க்கு ஆறு தட்டு, ஆறு துள்ளல். பதினெட்டு வருடப் பழக்கம். எண்ணாமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று பீற்றிக்கொள்வார். அந்தத் தலைக்கனம்தான் வினையாயிற்று.

கொதிகலனைப் பற்றவைத்த மூன்றாம் நாள் காலை, அறிக்கையில் சேர்க்கப் படம் தேடியவர் நூற்றுநாற்பதாவது குழாயின் பதிவில் நின்றுவிட்டார். விரல் வைத்து எண்ணினார். ஏழு. மறுபடியும் ஏழு. நான்காவது தட்டை ஒட்டி, இன்னொரு தட்டு போலவே சாதுவாக ஒன்று நின்றது. பக்கத்தில் ‘நல்ல நிலை’ என்று அவர் கையெழுத்து.

சுவர் மெலிந்த குழாய் நீராவி அழுத்தத்தில் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அந்தக் கொதிகலன் முன்னால் இப்போது வேலையில் இருப்பவன் அவர் மனைவியின் தம்பி. நிறுத்தச் சொன்னால் ஆலையே நிற்கும், அவருடைய சான்றிதழும் பறிபோகலாம். அதையும் ஒரு நிமிடம் யோசித்தார். யோசித்ததற்காகக் கூசிப்போய் போனை எடுத்தார்.

“மாப்ள, நெருப்ப அணைச்சிட்டு எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வா.”

“வெளையாடாதீங்க மாமா. மேனேஜர் என்னை உரிச்சுத் தொங்க விட்ருவாரு.”

“நான் தப்பாப் பாத்துட்டேன்டா. பழிய எம்மேல போடு. மொதல்ல வா.”

மறுமுனையில் அவன் எல்லாரையும் வெளியே வரச்சொல்லிக் கத்துவது கேட்டது.

கொதிகலன் ஆற இரண்டு நாளாயிற்று. அதற்குள் மேனேஜர் திட்டவேண்டியதையெல்லாம் திட்டித் தீர்த்திருந்தார். அறுத்தெடுத்த குழாய்த் துண்டை மச்சினன் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். தட்டை ஒட்டிய இடம் மட்டும் பழைய தகர டப்பா போல மெலிந்திருந்தது.

“இதுக்கு நேரா உக்காந்துதான் மூணு நாளும் சாப்டேன் மாமா,” என்றான். பிறகு, “அக்காகிட்ட சொல்லிராதீங்க.”

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தம்பிக்குப் போன் போட்டு, “சாப்டியாடா?” என்றாள். அவன் பதில் சொன்ன பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று அவள் சொல்ல வெகுநேரமாயிற்று.