ஒட்டுக்குக் கீழே

அந்தத் தொட்டியை இழுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அடியில் சாக்கைச் செருகி, அதன் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கச் செடி கூடத்தில் இருக்கும். வெயில் வரத் தொடங்கியதும் காலையில் பால்கனிக்கு, சாயங்காலம் மறுபடி கூடத்துக்கு. படிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தபிறகு என் வேலைகளில் அதுவும் ஒன்று.

செடி அண்ணியுடையது. இடுப்புயர ஆரஞ்சு. பழம் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. வாயில் வைக்க முடியாத புளிப்பு. பூவின் வாசனைக்காகத்தான் வளர்ப்பது. அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஆவியும் பிளீச்சிங் நெடியும்தான். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பூவில் மூக்கை வைப்பாள். "இப்பத்தான் மூச்சு வருது" என்பாள். ஒரு நாளில் தனக்கென்று அவள் எடுத்துக்கொள்வது அந்த ஒரு நிமிடம்தான்.

அன்று அவளுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு ஷிப்டு, மறுநாள் காலைதான் வருவாள். கிளம்பும்போதே சொன்னாள்: "இன்னிக்குப் பனி கொட்டுமாம். வெயில் இறங்கினதும் செடியை உள்ள இழுத்துடு. காதுல விழுதா, அமுக்குணி?"

"உம்" என்றேன். அன்று கம்பளி எல்லாம் துவைத்துப் போட்டிருந்தேன். முதுகு விட்டுப்போயிருந்தது. ஐந்து நிமிடம் சாயலாம் என்று படுத்தவள், விடிந்துதான் எழுந்தேன்.

பால்கனியில் இலைகள் கண்ணாடி பூசியதுபோல் நின்றன. அண்ணி வருவதற்குள் தொட்டியை உள்ளே இழுத்துவிட்டேன். மத்தியானத்துக்குள் இலையெல்லாம் வெந்த கீரையாகிவிட்டது.

அண்ணி அதைப் பார்த்துவிட்டு மண்ணில் விரலை அழுத்தினாள். பிறகு, "நேத்து ரெண்டு சொம்பு ஊத்தினேன். வேர் அழுகியிருக்கும். என் கையாலதான் போச்சு" என்றாள்.

நான் குத்துக்கல்லாக நின்றேன். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இலைகள் உதிர்ந்தன. தண்டு காய்ந்து பழுப்பானது. ஆனாலும் அண்ணி தொட்டியைத் தூக்கிப்போடவில்லை. மூன்று வாரம் கழித்து மண்ணை ஒட்டி நாலைந்து துளிர் வந்தது. அதன்பின் நாளுக்கு ஒரு விரற்கடை வளர்ந்தது. அண்ணி வேலையிலிருந்து வந்ததும் தரையில் உட்கார்ந்து, எவ்வளவு உயரம் என்று சாண் வைத்துப் பார்த்தாள்.

"முள்ளைப் பாரு, அப்படியே உன்னை மாதிரி" என்றான் அண்ணன், அண்ணியிடம். அவன் பேக்கரியில் விடிய விடிய வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன்.

"பின்ன உங்களை மாதிரி இருந்தா தூங்கிட்டே இருக்கும்" என்றாள் அண்ணி. பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரம் ஒருமுறை அந்த இலைகளைத் துடைத்தவள் நான். முன்பு ஒரு காம்புக்கு ஓர் இலை. இப்போது ஒரு காம்பில் மூன்று இலைகள்.

ஒன்றைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்து நர்சரிக்காரரிடம் கொண்டுபோனேன். மூன்று பேர் வாங்கிப் போகும்வரை கதவோரம் நின்றேன்.

"என்னம்மா, செடி வாங்க வந்தியா, கதவுக்குக் காவலா?"

காகிதத்தை நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார். "இது உங்க ஆரஞ்சு இல்ல. காட்டு ஜாதி. இது மேலதான் ஆரஞ்சை ஒட்டுக் கட்டுவோம். மேல் செடி போனா கீழ இருக்கிறது கிளம்பிடும். இது உங்க பூவைப் பூக்காது. மேல இருந்தது எப்படிப் பட்டுப்போச்சு?"

"பனியில."

"யாரு வெளிய விட்டது?"

"நான்தான்." அதை முதல்முதலாக அவரிடம்தான் சொன்னேன்.

"தண்டுல ஒரு முண்டு இருக்கும், அதுதான் ஒட்டு. அதுக்கு மேல நகத்தால கீறிப் பாரு. பச்சை தெரிஞ்சா, கீழ உள்ளதை எல்லாம் ஒண்ணுவிடாம வெட்டிடு. சத்தெல்லாம் அதுதான் இழுக்குது. இன்னும் ஒரு வாரம் விட்டா மேல இருக்கிறதும் செத்துடும்."

வீட்டுக்கு வந்து கீறினேன். முண்டுக்கு மேல் இரண்டு விரல் அகலம் பச்சை இருந்தது. அதில் கேழ்வரகு அளவுக்கு ஒரு மொட்டு. வெட்டினால் அண்ணிக்குத் தெரியும். வெட்டாவிட்டால் அவள் முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

அண்ணி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. "முழங்கால் உயரம் வந்துடுச்சுடி" என்று குனிந்தாள்.

"அண்ணி, அது நம்ம செடி இல்ல." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். படுத்தது, விடிந்தது, இழுத்தது, நர்சரிக்காரர். என் வாயிலிருந்து இத்தனை வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன்னு அன்னிக்குச் சொன்னேனே. நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா அண்ணி."

"அப்பவும் வாயைத் திறக்கல."

"இல்ல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தரிக்கோலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "பச்சையா இருக்கிறதை என்னால வெட்ட முடியாது. நீயே வெட்டு" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

வெட்டினேன். முள் மணிக்கட்டுவரை கீறியது. முடித்தபோது தொட்டியில் ஒரு குச்சிதான் நின்றது. அண்ணன் எழுந்து வந்து குச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தான்.

ஒன்பது நாள் அண்ணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு சரி. நான் தினமும் அரை டம்ளர் தண்ணீர் விட்டேன். பத்தாம் நாள் மொட்டு பிரிந்தது. ஒரு காம்பு, ஓர் இலை. நான் யாரையும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அண்ணி தானாகவே பார்த்தாள். மூக்குக்கண்ணாடி போடாமல் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"பூக்க எத்தனை நாளாகும்?"

"மூணு வருஷம் ஆகலாம்னு நர்சரிக்காரர் சொன்னார்."

"மூணு வருஷம்." நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். "ஜன்னலைவிட்டு ஒரு சாண் தள்ளி வை" என்றாள் பிறகு. "கண்ணாடி இன்னும் சில்லுன்னுதான் இருக்கு."