சித்தி கழுவிய கற்கள்

எங்கள் குவாரியில் என்ன கிடைக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்போதோ பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு கொதித்து வந்து சுண்ணாம்புக்கல்லைத் தொட்டிருக்கிறது. தொட்ட இடமெல்லாம் வெந்து வேறு கல்லாகிவிட்டது. சிவப்பாகக் கார்னெட், பச்சையாக டயாப்சைடு, வெள்ளையில் நார் நாராக உல்லாஸ்டனைட். வெள்ளையைத்தான் டைல்ஸ் கம்பெனிகள் வாங்குகின்றன. மாதிரிக் கற்களுக்கு எண் எழுதி அடுக்குவது என் வேலை.

மேனேஜருக்கு வெள்ளைக் கல் என்றாலே இளக்காரம்.

"கக்கூஸ் டைல்ஸுக்குக் கல்லு அனுப்பவாய்யா நான் இவ்வளவு படிச்சேன்?"

அவர் தேடியது ஷீலைட். டங்ஸ்டன் உலோகம் அதில் இருக்கிறது. இந்த மாதிரிப் பாறையில் சில சமயம் கிடைக்கும். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். ஆகவே விளக்கு வாங்கினார். அதோடு வந்த குறிப்புத்தாளைக் குப்பைக்கூடையில் போட்டார். நான் எடுத்துக் கோப்பில் சேர்த்தேன்.

முதலாளி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. கல்லெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று, துணி துவைக்கும் சோப்புத்தூளை மேனேஜரே சீட்டு எழுதி வரவழைத்தார். கழுவியது என் சித்தி. குவாரியில் கல் கழுவுவதுதான் சித்திக்கு வேலை. குவாரியின் பின்புறம்தான் வீடு. நிலம் கம்பெனியுடையது, சுவர் சித்தியுடையது.

கழுவிக் காயவைத்த கற்களுக்கு இருட்டறையில் விளக்கைக் காட்டினார் மேனேஜர். அத்தனையும் நீலம். நேற்றுவரை கார்னெட்டாக இருந்ததும் நீலம்.

"நூத்துக்கு நூறுய்யா!" என்று குதித்தார்.

ஒரே இரவில் மலை முழுக்க எப்படி மாறும் என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கே தோண்டுவதென்று வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். அது நேராகச் சித்தியின் அடுப்படிக்குள் போய் நின்றது. மறுநாள் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. முதலாளி ஒப்புதல் கொடுத்ததும் இடிப்பார்களாம்.

"நான் கழுவின கல்லுதானேடா? என் வீட்டையே கழுவி விட்டுடுச்சே," என்றாள் சித்தி.

குறிப்புத்தாளோடு மேனேஜரிடம் போனேன்.

"சார், ரெண்டாம் பக்கத்துல சோப்பு, துணி, காகிதம் எல்லாம் ஒளிரும்னு போட்டிருக்கான். கல்லை உடைச்சு உள்ளே பார்க்கணுமாம்."

"நீ நம்பர் போடுற ஆளா, ஆராய்ச்சி பண்ற ஆளா?"

நம்பர் போடத் திரும்பிவிட்டேன். தாளுக்கும் ஒரு நம்பர் போட்டு வைத்தேன்.

முதலாளி வந்தார். வழக்கமாகப் பழுப்புக் கோட்டில் திரியும் மேனேஜர், அன்று சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். சித்தி கல் தட்டைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குள் நுழைந்தாள். சுத்தியலோடு நான் பின்னால்.

விளக்கு எரிந்தது. கற்கள் நீலம். மேனேஜரின் காலர், சட்டைப்பை, கை மடிப்பு எல்லாம் அதைவிட நீலம். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தன்மேல் கண் போகவில்லை.

"பாருங்க சார், எங்க பார்த்தாலும் டங்ஸ்டன்!"

"ஆமா சார், உங்க பாக்கெட்லகூட இருக்கே," என்றாள் சித்தி. "முதல்ல அங்க தோண்டிட்டு அப்புறமா என் வீட்டுக்கு வாங்களேன்."

மேனேஜர் குனிந்து பார்த்தார். "அது... கல்லுத்தூள் ஒட்டியிருக்கும் சார்."

"இஸ்திரி மடிப்புகூடக் கலையலையேய்யா," என்றார் முதலாளி.

நான் ஒரு கல்லை எடுத்து உடைத்தேன். மேல்தோல் நீலம், உள்ளே வெறும் கறுப்பு. இன்னொன்று, அதுவும் அப்படியே. குறிப்புத்தாளை நீட்டினேன். நீலமாக ஒளிர்ந்த அந்தத் தாளை, முதலாளி அதன் வெளிச்சத்திலேயே படித்தார்.

"வீட்டைத் தொடாதீங்க. டைல்ஸ்காரன் லோடு கேட்டான், அதை அனுப்புங்க."

சாயங்காலம் மேனேஜர் முதலாளிக்குக் கடிதம் எழுதச் சொன்னார்: 'கல் கழுவியவரின் கவனக்குறைவால் ஆய்வில் பிழை.' சொன்னபடியே எழுதினேன். சோப்புத்தூள் வேண்டுமென்று அவர் கையெழுத்துப் போட்ட சீட்டையும் பின்னால் குத்தி, 'இணைப்பு: ஒன்று' என்று சேர்த்தேன். அந்தக் கடிதம் இன்னும் அவர் மேசையைவிட்டு நகரவில்லை.

வீட்டுக்குப் போனபோது, மிச்சமிருந்த சோப்புத்தூளைப் போட்டுச் சித்தி சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெருக்கல் குறி பாதி போயிருந்தது.

"இப்ப நம்ம சுவத்துலயும் டங்ஸ்டன் இருக்குடா," என்றாள். "அந்தாள் விளக்கைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராம பார்த்துக்கோ."