மூன்று வேளைத் தண்ணீர்

மாமனார் முப்பத்தோரு வருடம் தீயணைப்பு வண்டியில் ஓடியவர். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து தண்ணீர். எரிகிறதா, ஊற்று. புகைகிறதா, இன்னும் ஊற்று. வாடுகிறதா, கேட்கவே வேண்டாம்.

மருமகளுக்கோ மருந்துக்கடையில் வேலை. "ஒண்ணுதான், காலையில மட்டும், சாப்பிட்ட பிறகு" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு வீடு திரும்புவாள். அப்படிப்பட்டவளின் கண்ணெதிரிலேயே கொல்லையில் ஓர் அவகாடோ மரம் மருந்து கூடிப்போய்ச் செத்துக்கொண்டிருந்தது. அது அவள் மண்டையில் உறைக்க ஆறு வாரம் ஆயிற்று என்றால் அவளைத் திட்டாதீர்கள். காரணம் இருந்தது.

மாமியார் போனபின் மாமனார் இந்த வீட்டுக்கு வந்தார். வந்து மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "வைம்மா" என்பார், வைத்தது வைத்தபடி இருக்கும். பிறகு ஒருநாள் ஜன்னல் வழியாக மரத்தின் இலைகள் வெயிலில் துவண்டு தொங்குவதைப் பார்த்தார். எழுந்தார். செருப்பைத் தேடினார். குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டிவிட்டார். மகன் சமையலறைக்கு ஓடிவந்து, "அப்பா எழுந்துட்டாரு!" என்று அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினான். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் மரத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

அன்றிலிருந்து காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் தண்ணீர் பாய்ந்தது. மரம் இன்னும் வாடியது. அவர் இன்னும் ஊற்றினார். இலைகள் வெளிறின, நுனி கருகி உதிர்ந்தன, உச்சிக் கிளைகள் மொட்டையாயின. அவரோ நாளுக்கு நாள் தேறினார். இரண்டு தட்டு சாப்பிட்டார், சவரம் செய்துகொண்டார், பேப்பரில் வரும் அரசியல்வாதிகளைப் பெயர் சொல்லித் திட்டவும் ஆரம்பித்தார்.

இருமல் மருந்து வாங்கக் கடைக்கு வந்த நர்சரிக்காரரிடம் அவள் மரத்திலிருந்து பறித்துவந்திருந்த நாலு இலையைக் காட்டினாள்.

"தண்ணி எப்படி?"

"மூணு வேளை."

"என்னது, மாத்திரையா?" என்று சிரித்தவர், இலையைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "வேர் அழுகுதும்மா. வேர் போச்சுன்னா தண்ணிய இழுக்க முடியாது, அதான் தாகத்துல நிக்கிற மாதிரி தெரியுது. இன்னும் ஒரு மாசம் இப்படி ஊத்துனீங்கன்னா வெட்டி அடுப்புல வைக்கலாம்."

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மரம் போனால் அவர் மறுபடி படுத்துவிடுவார். மரத்தைக் கொன்றது நீங்கள்தான் என்று சொன்னாலும் படுத்துவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

"நீங்க சொல்லுங்க, உங்கப்பாதானே" என்றாள் கணவனிடம்.

"நீதானே மருந்து விஷயம் தெரிஞ்சவ" என்று அவன் நழுவினான். வீரமெல்லாம் கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும்தான்.

முதலில் தந்திரம் செய்து பார்த்தாள். கொல்லைக் குழாயின் வால்வை மூடினாள்; அவர் குளியலறையிலிருந்து வாளியில் சுமந்தார். ஹோஸை ஒளித்துவைத்தாள், கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தார், அதுவும் பழையதைவிட நீளமாக. தொழில்காரர், தோற்பாரா?

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஹோஸோடு வந்தபோது அவள் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கரண்டியால் ஒரு சாண்கூடத் தோண்டவில்லை, சேறு கையில் ஒட்டியது. ஒரு வேரை இழுத்தாள். அது கறுத்து, நூல் மாதிரி அறுந்து வந்தது.

"மாமா, இதை மோந்து பாருங்க."

அவர் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"தண்ணி தேங்குன வாடை."

"ஆமா மாமா." சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. "தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு. மரம் தாகத்துல வாடல. மூழ்கிட்டிருக்கு."

அவர் வேரைப் பார்த்தபடியே சொன்னார்: "புதுசா சேர்ற பசங்ககிட்ட நான்தான் கத்துவேன். தீ அணைஞ்சாச்சு, குழாய மூடுங்கடா, எரிஞ்சதவிட நாம நனைச்சதுல வீடு நாசமாயிடும்னு. முப்பத்தோரு வருஷம் கத்தியிருக்கேன்."

ஹோஸைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். கட்டில் கிரீச்சிட்டது. அன்று மதியம் அவர் சாப்பிட வரவில்லை, சாயங்காலமும் வரவில்லை. அவளுக்குத் தன் நாக்கையே கடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "உண்மையச் சொல்லித்தானே ஆகணும்" என்று கணவன் ஆறுதல் சொன்னான். சொல்ல வேண்டிய நேரத்தில் ஓடி ஒளிந்தவனின் ஆறுதல், அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொல்லையில் மண்வெட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால், மரத்தைச் சுற்றி நின்ற தண்ணீர் வடிய மதில்வரை வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார் மாமனார். பனியன் முழுக்கச் சேறு.

"நின்னு வேடிக்க பார்க்காதம்மா. வேர் அழுகுனா நர்சரிக்காரங்க மருந்து குடுப்பாங்கல்ல, வாங்கிட்டு வா. டேய், நீ சுண்ணாம்பு கரை! கிளையெல்லாம் இலையில்லாம வெயில்ல வெந்துபோகுது."

வாய்க்கால் முடிந்தது. அடிமரத்தை மூடியிருந்த மண்ணை ஒதுக்கினார்கள். மொட்டைக் கிளைகளுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். பாதி மகன் தலையில் கொட்டியது. உதிர்ந்த இலைகளையே தண்டில் படாமல் சுற்றிப் பரப்பினார்கள். மருந்தை மட்டும் அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த அளவுக் குப்பியில் கண்மட்டத்துக்கு உயர்த்தி அளந்தாள்.

"கொஞ்சம் கூடப் போட்டா சீக்கிரம் சரியாகும்ல?" என்று மாமனார் தயங்கிக் கேட்டார்.

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"சும்மா கேட்டேன்" என்றார்.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான், அதுதான் அவருக்கு ஆகாத வேலை. கையைப் பிசைந்துகொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தினமும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, "ஈரம் இருக்கு, வேணாம்" என்று யாரோ தன்னிடம் ஊற்றச் சொன்ன மாதிரி சண்டை போட்டார். ஒருநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டதும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி, நாலு மூலையையும் கட்டி, மரத்தடி நனையாமல் தான் மட்டும் தொப்பலாக நனைந்து நின்றார்.

ஏழாவது வாரம் சுண்ணாம்புக் கிளை ஒன்றில் செம்பு நிறத்தில் ஒரு துளிர் தெரிந்தது. இரண்டே நாளில் பதினொன்று ஆயிற்று. மாமனார் எண்ணி எண்ணி மகிழ்ந்தார். மருமகள் மட்டும் உள்ளூர உதறிக்கொண்டிருந்தாள். மரம் பிழைத்துவிட்டது. இனி இவருக்கு என்ன வேலை?

அந்த வாரக் கடைசியில், காலையில் அவள் எழுந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கொல்லையிலும் அவரைக் காணோம். வாசல் கதவு திறந்து கிடந்தது. தலையைக்கூட வாராமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

நாலு வீடு தள்ளி அவர் குரல் கேட்டது. தையல்காரம்மாவின் வீட்டு முன்னால், மஞ்சள் பூத்துப்போன எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கையிலே தையல்காரம்மாவிடமிருந்து பிடுங்கிய தண்ணீர்ச் சொம்பு.

"முதல்ல விரல விட்டுப் பாருங்க. அப்புறம் ஊத்தலாம்."

"வாடுதேன்னு ஊத்துறேன் சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படியா?" மாமனார் சிரித்தார். "நானே ஒரு மரத்தக் கொல்லப் பார்த்தவன்மா. பாசத்துலதான். வீட்ல எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. என் மருமக ஒருத்திதான் துணிஞ்சு சொன்னா. சொல்லியிருக்காட்டி மரமும் போயிருக்கும், அதோட நானும் போயிருப்பேன்."

மருமகள் மதிலோரமாக நின்றுவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டார்.

"வந்துட்டியா? இந்தம்மா வீட்ல எட்டுத் தொட்டி இருக்கு, எட்டும் சேறு. எதிர்வீட்டு ரோஜாவும் சரியில்ல. எனக்கு மதியம் ஆகும்மா, நீங்க சாப்பிட்டுடுங்க."