கீரைக்கடைக்காரர் திறந்த எட்டு டப்பாக்கள்

எல்லோரும் சௌக்கியமா? முழங்கால் வலி, இருமல் எல்லாம் அடங்கியிருக்கிறதா? என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வாய்க்கு அதைவிட இல்லை. அதனால் போன வாரம் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மருமகளுக்கு வனத்துறையில் வேலை. மலையில் துணி கட்டி அடையாளம் வைத்த எட்டுப் புதர்களில் இலை பறித்து, புதருக்கு ஒரு தகர டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொண்டுவருவாள். ஆபீஸில் எடை போட்டு, ஒரு நாள் முழுக்கச் சூட்டில் உலர்த்தி, மறுபடி எடை போடுவாள். குறைந்த எடைதான் இலையில் இருந்த தண்ணீர். தண்ணீர் குறைவாக இருந்தால் காடு சீக்கிரம் தீப்பிடிக்கும்.

இது மழை வருஷம்தானே என்று, மலை உச்சியில் தீயைக் கண்காணிக்கிற கோபுரத்தை மூடப் பார்த்தார் அவளுடைய மேலதிகாரி. வெயிலிலும் குடையோடு திரிவதால் எங்கள் வீட்டில் அவர் பெயர் குடைக்காரர். கோபுரம் மூடினால், காட்டோரத்தில் இருப்பவர்களுக்குப் புகை வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் இலைக் கணக்கைக் காட்டித் தடுத்தே தீர வேண்டும் என்று இவள் தலைகீழாக நின்றாள்.

வெள்ளிக்கிழமை பறித்த டப்பாக்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள். ஞாயிறு காலை பார்த்தால் எட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன.

"மாமா, இத யாரு திறந்தது?"

"நான்தாம்மா. பச்சைய இப்படி அடைச்சு வச்சா அழுகிடாதா? நேத்தே காத்தாட விட்டுட்டேன்." என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கீரைக்கடை வைத்திருந்தவர்.

"அதுல இருக்கற தண்ணியத்தான் மாமா நான் அளக்கணும்."

"அப்போ மேல கொஞ்சம் தெளிச்சு விடட்டுமா?"

நான் சிரித்துவிட்டேன். மருமகள் என்னையும் சேர்த்து முறைத்தாள். "ரெண்டு பேரும் கிளம்புங்க. மறுபடி பறிச்சாகணும், டப்பா பிடிக்க ஆள் வேணும்."

காரில் இரண்டு மணி நேரம். என் வீட்டுக்காரர் காலி டப்பாக்களை மடியில் அடுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் மெல்லக் கேட்டார், "மழைதான் நல்லா பெஞ்சுதே, காடு ஏம்மா காயுது?"

"பசிபிக் கடல் சில வருஷம் சூடாகும், சில வருஷம் ஆறும் மாமா. சூடானா நம்ம பக்கம் தென்மேற்கு மழை ஏமாத்தும். ஆறினா கொட்டும். இப்போ ஆறின வருஷம், காடு தானா தேறிடும்ங்கறாரு எங்க சார். ஆனா ரெண்டு மழைக்கு நடுவுல வெயில் முன்ன மாதிரி இல்ல. பெஞ்சதெல்லாம் மண்ணுல தங்கறதுக்குள்ள போயிடுது."

இவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார், "கடையில கூட்டம் குறையற நாள் குறையும், நான் கவலைப்பட்டதில்ல. கூட்டம் வர்ற நாள்லயே வரிசை வாசலத் தாண்டாம நின்னுச்சு பாரு, அன்னிக்குத்தான் பயந்தேன்."

மருமகள் காரை ஓரமாக நிறுத்தி அதை எழுதிக்கொண்டாள்.

உச்சி வெயிலில் பறித்தோம். நான் இலை போட, இவர் டேப்பை அப்படிச் சுற்றினார், திங்கட்கிழமை ஆபீஸில் அதைப் பிரிக்க மருமகள் கத்திரிக்கோல் தேடினாளாம்.

செவ்வாய் சாயங்காலம் வந்து சொன்னாள். முதல் டப்பாக்கள் கெட்டுப்போனதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, இரண்டாவது கணக்கை வைத்திருக்கிறாள். நூறு கிராம் காய்ந்த இலைக்கு, பழைய மழை வருஷங்களில் நூற்று முப்பது கிராம் தண்ணீர். வறட்சி வருஷங்களில் தொண்ணூறு. இந்த மழை வருஷத்தில் தொண்ணூற்று இரண்டு.

"இது இந்த ஒரு வருஷம்தானேம்மா?" என்றாராம் குடைக்காரர்.

"போன மழை வருஷமும் நூறுதான் சார். வறட்சியில குறையறதப் பத்தி நான் பேசல. கூட்டம் வர்ற நாள்லயே வரிசை வாசலத் தாண்டல."

அவருக்குப் புரியவில்லை. கீரைக்கடைக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு, இந்த வருஷம் கோபுரம் திறந்தே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டாராம். அடுத்த தடவை இலை பறிக்கத் தானும் வருகிறாராம், குடையோடு.

என் வீட்டுக்காரர் இப்போது சர்க்கரை டப்பாவைத் திறக்கக்கூட மருமகளிடம் கேட்கிறார். சர்க்கரையை அள்ளித் தின்பது நின்றது, எனக்குச் சௌகரியம்.

உங்கள் பக்கத்தில் எப்படி? நல்ல மழைக்குப் பிறகும் தேறாத குளமோ, புதரோ, மரமோ கண்ணில் பட்டதா? எந்த வருஷத்திலிருந்து என்று நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். மருமகளிடம் படித்துக் காட்டுகிறேன்.