வாய்க்கால் ஓரத்து மண்

"இன்னிக்கு நேர்ல வர்றேங்க" என்று அஃப்ரா போனில் சொன்னதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. ஜுரம் அடித்தாலும் இன்னும் ரெண்டு போடு என்கிற ஆள்.

அஃப்ரா திருமலைராயன்பட்டினத்துப் பெண். மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. வரிச்சிக்குடி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் காடாக மண்டிக் கிடந்த இடத்தை எங்கள் ஊர் பால்வாடிக்கு விளையாடும் இடமாகத் தர கொம்யூன் பஞ்சாயத்து சம்மதித்தது, ஆனால் மண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் தருவோம் என்றது. காரணம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறை ஒரு காலத்தில் அங்கே நடந்தது. அந்த இடத்துக்காக முன்னின்று அலைந்தவர் என் வீட்டுக்காரர் சோமசேகரன்தான். போன வாரம் முடிவு வந்தது, மண் சுத்தம் என்று. மறுநாளே பிள்ளைகளை அங்கே விளையாட விட்டுவிட்டார்கள். நானும் சும்மா இருந்தேனா? எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்த இடம் என்று காரைக்கால் மீன் மார்க்கெட் வரைக்கும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

"ஏங்க, அந்தப் பொண்ணு பாராட்டத்தானே வருது? மூஞ்சி ஏன் இப்படி செத்துக் கெடக்கு?"

"பாராட்ட மட்டும் வரல நீலா. இவ்வளவு சுத்தமா இருக்கே, நம்ப முடியல, இன்னொரு தடவ நானே மண்ணு எடுக்குறேன்னு சொல்லுது."

"எடுக்கட்டுமே."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார். "நான் குடுத்தது அங்க எடுத்த மண்ணு இல்ல" என்றார்.

முதல் தடவை அஃப்ரா வந்த அன்று மழை கொட்டியது, இடம் முழுக்கத் தண்ணீர் நின்றது. வடிந்ததும் நானே எடுத்து அனுப்புறேன் என்று பைகளை வாங்கி வைத்துக்கொண்டவர் இவர். எங்கள் பக்கத்தில் மண் பரிசோதனை என்றால் எல்லோருக்கும் தெரிந்தது விவசாய ஆபீஸ் பரிசோதனைதான். சத்து அதிகம் என்று அட்டை வந்தால் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கிற ஊர் இது. இவரும் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணை அலங்கரித்து நிறுத்துவது போல, எங்கள் வயல்களிலேயே நல்ல வயல் எதுவோ அதில் இறங்கியிருக்கிறார். அதில் ஒரு குறை வைக்கவில்லை. பல இடத்தில் குழி வெட்டி, குழியின் ஓரத்தைச் சுரண்டி, நிழலில் உலர்த்தி, கல் பொறுக்கி, சுத்தமான பையில் கட்டி அனுப்பியிருக்கிறார். எல்லாம் முறைப்படி, இடம் மட்டும் வேறு.

"மோசமான மண்ணக் குடுத்தா எடத்த வேற ஊருக்குத் தூக்கிக் குடுத்துருவாங்கன்னு நெனச்சேன். பட்டறைய மூடி எவ்வளவு மழ பேஞ்சிருக்கு, எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிருக்கும்னு பட்டுச்சு. வாய்க்கால் ஓரத்து வயல்ல எடுத்தேன். அந்த மண்ணு ஒருநாளும் நம்மள ஏமாத்துனதில்ல."

"ஏமாத்துனது மண்ணாங்க?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நியாயமாக அடுத்து என்ன சொல்லியிருக்க வேண்டும்? போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றல்லவா? நான் சொன்னது வேறு. "அதான் இன்னிக்கு அவளே எடுக்குறாளே. தானா தெரிஞ்சிட்டுப் போவுது. நாம வாயத் தொறக்க வேணாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் புதுப் பரிசோதனை முடிவு வரும்வரை பிள்ளைகள் அந்த மண்ணிலேயே புரளும் என்பது உறைத்தது. ஆனாலும் சொன்ன வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதுதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சீ, என்ன மனுஷி நான்.

நாங்கள் போனபோது அஃப்ரா வந்திருந்தாள். பால்வாடி டீச்சர் தாமரைச்செல்வி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் வேலிப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் மண்ணை அடைத்து அடைத்துக் கவிழ்த்து இட்லி சுட்டார்கள்.

"ஐயா, வாங்க" என்று அஃப்ரா எழுந்து வந்தாள். "எங்க ஆபீஸ்ல உங்களப் பத்தித்தான் பேச்சு. இவ்வளவு நேர்த்தியா மண்ணு எடுத்து அனுப்புனவங்கள நாங்க பாத்ததே இல்ல."

அம்மாக்கள் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இவரும் சிரிக்கப் பார்த்தார், உதடு கோணிக்கொண்டது. பக்கத்து வீட்டு பிரதீபாவின் மகள் ஓவியா ஒரு மண் இட்லியை உள்ளங்கையில் ஏந்தி எங்களிடம் ஓடி வந்தாள். "தாத்தா, சாப்புடுங்க" என்று நீட்டினாள். பிறகு அந்தக் குட்டி தானே ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்து ருசி பார்த்தது.

இவர் அவள் கையைத் தட்டிவிட்டார். இட்லி சிதறியது, பிள்ளை வீறிட்டது.

"துப்பு! துப்பும்மா!" என்று கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள். என் முகத்தைப் பார்க்காமல், அஃப்ராவின் முகத்தையும் பார்க்காமல், கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் அனுப்புனது இந்த மண்ணு இல்லீங்க. எங்க வயக்காட்டு மண்ணு."

"யா அல்லாஹ்" என்றாள் அஃப்ரா. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான்தான் எடுத்திருக்கணும். மழையப் பாத்துட்டுப் போயிட்டேன்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "டீச்சர், எல்லாப் புள்ளைங்களையும் வெளிய கூட்டிட்டுப் போங்க. கையக் கழுவுங்க, நல்லா சோப்புப் போட்டு. நகத்துக்குள்ளயும். எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்" என்றாள்.

ஒருத்தரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரக் குழாய்க்கு ஓடினார்கள். குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. டீக்கடையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வாங்கி வந்து இவர் குழாய்க்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். "இங்கயும் கழுவலாம், வாங்க" என்றார். யாரும் வரவில்லை. நீண்டிருந்த வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு குழாய்க்கே போனது. நான் அவர் பக்கத்தில் போய் நிற்கவா, அந்தப் பெண்களோடு நிற்கவா என்று தெரியாமல் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

பிரதீபாவின் இடுப்பில் இருந்த ஓவியா விசும்பல் நின்று குடத்தைப் பார்த்தாள். தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். உடம்பை வளைத்து இறங்கப் பார்த்தாள். முடியாமல் போகவே அங்கிருந்தபடியே இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டினாள். அவர் குடத்தைச் சரித்தார். தண்ணீர் விளிம்புவரை வந்து நின்றது. பிரதீபா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.