நடை வேகம்

பனிவண்டி வெடுக்கென்று பாய்ந்தது. பின்னால் கட்டியிருந்த சறுக்குப்பலகையில் சவப்பெட்டி ஒரு சாண் சரிந்தது. நீல்லாஸ் சித்தப்பா தாவிப் பிடித்தார்.

"நிறுத்துடா இஸாத். அண்ணனை அடக்கம் பண்ணப் போறோமா, பந்தயத்துக்குக் கூட்டிட்டுப் போறோமா?"

இஸாத் வண்டியின் எஞ்சினை அணைத்தான். உறுமித் தீர்த்துவிட்டு ஒரே பாய்ச்சலாகத்தான் அது கிளம்பும். அப்படி ஆக்கியவன் அவன்தான். ஈஸ்டர் பந்தயத்துக்காக அப்பாவின் வண்டியில் கிளட்ச்சைப் பிரித்து, விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டான். ஜெயித்தான். 'என் பையன், என் வண்டி' என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதன் பிறகுதான் கேட்டார்.

"சரிடா, பழையபடி மாத்திக் குடு. மான் மந்தையை மலைக்கு ஓட்டணும்."

"அரைநாள் வேலைப்பா அது. நாளைக்குப் பாக்கலாம்."

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. சினையாயிருக்கும் பனிமான்களுக்குப் பின்னால் நடை வேகத்தில்தான் போக வேண்டும். வண்டி பாய்ந்தால் மந்தை மிரண்டு சிதறிவிடும். அப்பா வண்டியை மலையடியில் விட்டுவிட்டு, சறுக்குக்கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மந்தையின் பின்னே போனார். ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடி, உயிரில்லாமல் கிடைத்தார். பழைய இருதயக் கோளாறு என்றார் டாக்டர். இஸாத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என் வண்டியில கட்டிக்கலாம் அண்ணி," என்றார் சித்தப்பா.

"வேண்டாம். அடுத்தவன் வண்டியில அவர் என்னிக்குப் போயிருக்கார்?" அம்மா மகன் பக்கம் திரும்பினாள். "பாதிரியார் காத்திருப்பார். என்ன பண்ணணுமோ பண்ணு."

பெட்டியை வாசலில் விட்டுவிட்டு, வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினான். பழைய ஸ்பிரிங் அலமாரியில் கண்ணெதிரிலேயே இருந்தது. அம்மா ஊர் வழக்கப்படி உலர்ந்த மான்கறித் துண்டு போட்ட காப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். போகவில்லை, நின்று பார்த்தாள். அவன் பெல்ட்டைக் கழற்றினான். கிளட்ச்சைத் திறந்தான். ஸ்பிரிங்கை மாற்றினான். மூடி, திருகுகளை முடுக்கினான்.

"முடிஞ்சுதா?"

"ம்."

அம்மா கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறியிருக்கவில்லை.

"இவ்வளவுதானா வேலை?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துணியில் இனி துடைக்க இடமில்லை.

"குடி. வெளியில காத்திட்டிருக்காங்க," என்றாள் அம்மா.

வண்டி இப்போது முனகிக்கொண்டு, மெத்தென்று நகர்ந்தது. பெட்டி அசையவில்லை. பக்கத்தில் அம்மா பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி நடந்தாள். எட்டி நடக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்படித்தாண்டா போகணும்," என்றார் சித்தப்பா பின்னாலிருந்து.

இஸாத் திரும்பவில்லை. யார் வீட்டு நாயோ ஒன்று ஊர்வலத்தோடு கொஞ்ச தூரம் வந்தது. பிறகு அலுத்துப்போய், வண்டியைத் தாண்டி, மாதாகோயில் பாதையில் தன்பாட்டில் முன்னே நடந்து போயிற்று.