தைக்கக் கூடாத கிழிசல்

அன்று அந்த வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: செத்துப்போன அம்மாவின் மகள், மகன், மருமகள், சபைப் போதகர், மாதர் சங்கத் தலைவி, தலைவி எது சொன்னாலும் "ஆமாக்கா" என்று தலையாட்டி அதையே பட்டப்பெயராக வாங்கிக்கொண்ட இன்னொரு அம்மாள். ஆறு பேரில் ஐந்து பேர் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். மகள் மட்டும் ஈரத் தலையோடு, அம்மாவின் சாயம் போன நைட்டியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என் சட்டை எங்கே?"

"முதல்ல வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லுங்க அண்ணி" என்றாள் மருமகள்.

"நேத்து ராத்திரி படுக்கப் போகும்போது கதவு ஆணியில மாட்டியிருந்தேன். இப்ப குளிச்சிட்டு வந்தா அங்க கறுப்புக் கவுன் தொங்குது. என் சட்டை எங்கே?"

அம்மா யூதப் பெண். அப்பா கிறிஸ்தவர். இரண்டு வீட்டாரும் தலைமுழுகிவிட்ட கல்யாணம். பிறகு அப்பா வீட்டார் மட்டும் மனம் இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை, பேரனைத் தூக்கிப் போய் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பேத்தியைத் தூக்கப் போனபோது அம்மா சமையலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாளாம். அப்படித்தான் தம்பி சபைக்காரன் ஆனான், அக்கா அம்மாவின் வழியில் நின்றாள். ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தார்கள். அம்மா மூச்சு இருந்தவரைக்கும் அது ஒரு தொந்தரவாகவும் இருக்கவில்லை.

மூச்சு நின்றதும் எல்லாம் தம்பி கைக்குப் போயிற்று. அம்மா அவன் வீட்டில்தான் கிடந்தாள். அப்பா பக்கத்தில், சபைக் கல்லறையில், போதகர் ஜெபிக்கப் புதைத்தார்கள். யூதர் கல்லறையில்தான் புதைக்க வேண்டும் என்று அக்கா கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். குழி விஷயத்தில் தோற்றாள். கடைசியில் மண் போடும் முன்பு, எல்லாரும் பார்க்க நிமிர்ந்து நின்று, சாம்பல் நிறச் சட்டையின் இடப்பக்கக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுவரைக்கும் கிழித்தாள். அம்மா வழி யூத முறை அது. தாய் தகப்பனுக்கு இடப்பக்கம், இருதயத்துக்கு மேலே. ஏழு நாள் அதே உடையில், செத்தவர் இருந்த வீட்டில், தாழ்ந்த இருக்கையில் உட்கார வேண்டும். மற்ற உறவுக்குக் கிழித்ததைப் பின்னால் தைத்துக்கொள்ளலாம். பெற்றவர்களுக்குக் கிழித்ததை ஒருநாளும் ஒழுங்காகத் தைக்கக் கூடாது. மாதம் ஒன்று போன பிறகு கோணல்மாணலாக நாலு ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். கிழிந்தது கிழிந்ததாகத் தெரிய வேண்டும்.

அம்மா இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. தன் அம்மா செத்த அன்று அவளும் கிழித்திருக்கிறாள். சாயங்காலமே மாமியார் ஊசி நூலோடு வந்து நின்றாளாம். "சபைக்கு வரணும், பிச்சைக்காரி மாதிரி வராதே." அம்மா தன் கையாலேயே தைத்தாள். "எங்கம்மாவை ரெண்டாந்தடவை மூடின மாதிரி இருந்துச்சுடி" என்பாள் மகளிடம். "எனக்கு ஒழுங்கா கிழி. எவ ஊசியைத் தூக்கிக்கிட்டு வந்தாலும் கையைத் தட்டி விடு."

அந்தச் சட்டைதான் இப்போது காணவில்லை.

"ஏன்மா, வந்தவங்க முன்னாடி இப்படிக் குரலை உசத்தலாமா?" என்றாள் சங்கத் தலைவி.

"ஆமாக்கா" என்றாள் ஆமாக்கா.

மருமகள் தையல் மிஷினுக்குப் பின்னால் போனாள். முன்னறைதான் அவள் கடை. மிஷின், வெட்டும் மேசை, அளவு பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு அக்கா போர்வை போட்டு மூடியிருந்தாள், அதுவும் துக்க வீட்டு முறை. காலையிலேயே மருமகள் அதை உருவி மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா அதை விட்டுவிட்டாள். ஒரு வீட்டில் எத்தனை சண்டைதான் போட முடியும்?

மருமகள் சட்டையை ஹாங்கரோடு எடுத்து வந்தாள். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டிருந்தது. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு.

"இந்தாங்க அண்ணி. தேடிப் பாருங்க, எங்க கிழிஞ்சிருந்துச்சுன்னு."

தெரியவில்லை. அதுதான் கொடுமை. உள்மடிப்பிலிருந்து அதே துணியின் நூலை இழை இழையாக உருவி, கிழிசலின் குறுக்கே நெய்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் நாளெல்லாம் துணியோடு மாரடிக்கிறவள் அக்கா. அவளே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள்.

"அப்பப்பா, என்ன கைவேலை!" என்றாள் தலைவி.

"ஆமாக்கா!"

"ஆணியில சாக்கு மாதிரி தொங்கிட்டிருந்துச்சு. இத்தனை பேர் ஆறுதல் சொல்ல வர்றாங்க. அண்ணிக்கு மாத்த வேற நல்ல துணி இல்லியேன்னுதான்" என்றாள் மருமகள். "ராத்திரி பூரா உக்காந்து கண்ணு போச்சு எனக்கு."

அக்கா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். குரல் மெதுவாக வந்தது. அது கத்தலைவிட மோசம்.

"உன்னை யாரு தைக்கச் சொன்னது?"

"நல்லதுக்குத்தானே அண்ணி..."

"கல்லறையிலயே சொன்னேன்ல? இதைத் தைக்கக் கூடாது, துவைக்கக் கூடாதுன்னு ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொன்னேன்ல?"

"நீங்க ஏதோ துக்கத்துல சொல்றீங்கன்னு..."

"துக்கத்துலதான்டி சொன்னேன்! வேற எதுல சொல்வாங்க?"

போதகர் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனுஷர்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் நல்லவர். "அம்மா பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க. துக்கம் உள்ள இருந்தா போதும்மா. உடுப்புல எதுக்கு?"

"அப்படியா? அப்ப நீங்க எல்லாரும் எதுக்குக் கறுப்புல வந்திருக்கீங்க? கழட்டி வெச்சிட்டு உள்ளேயே வெச்சுக்க வேண்டியதுதானே?"

ஆமாக்கா பழக்க தோஷத்தில் "ஆமா..." என்று ஆரம்பித்து, தலைவியின் முழங்கை பட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். தொழில் புத்தி வீட்டிலும் போகாது, எந்த நேரமும் கால் பிரேக்கில்தான். புதுக் கறுப்புக் கோட்டில், கையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டையோடு குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். மடிப்புக் கலையாத கைக்குட்டை. புதைத்த அன்றும் அப்படித்தான் இருந்தது.

"நீ சொல்லுடா. உங்கிட்டயும் அம்மா சொல்லியிருக்கா. அவ மாமியார் தைக்க வெச்ச கதை உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான். "அதுக்காக? ஒரு சட்டைக்கு இவ்வளவா அக்கா?"

அவள் நைட்டிக்கு மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டாள். பட்டன் போடவில்லை. நிமிர்ந்து நின்றாள். இடப்பக்கக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

கிழியவில்லை.

மறுபடி இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. துணி முறுக்கிக்கொண்டதே தவிர ஒரு இழைகூட விடவில்லை. முதலில் கிழிந்தபோது அது பழைய துணி. இப்போது அங்கே இரட்டை நெசவு.

"அது விடாது அண்ணி" என்றாள் மருமகள். திமிரில் சொல்லவில்லை. தையல்காரிக்குத் தன் வேலை தெரியும், சொன்னாள்.

தலைவிக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டாள். அந்த இருமல்தான் எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

அக்கா வெட்டும் மேசைக்குப் போய்ப் பெரிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

"அதை வைங்க!" மருமகள் பாய்ந்து வந்தாள். "அண்ணி, என் வீட்ல இந்தக் கூத்து வேணாம். முறை முறைங்கிறீங்களே, அத்தை படுக்கையில கிடந்தப்ப எங்க போச்சு உங்க முறை? பீ அள்ளினது நான். புரட்டிப் போட்டது நான். முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டது நான். அப்ப எந்தச் சட்டையைக் கிழிச்சீங்க? ஞாயித்துக்கிழமை வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போவீங்க!"

பொய் ஒன்றும் இல்லை அதில். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்ததனால் கோபம் குறையவில்லை, அதுதான் கோபத்தின் லட்சணம்.

"அதுக்கு உன் கால்ல விழச் சொல்லு, இப்பவே விழறேன்" என்றாள். "சத்தியமா விழறேன். ஆனா இந்தச் சட்டைக்கு விழ மாட்டேன். நீ அவளை நல்லா பாத்துக்கிட்டே. அதனால அவ துக்கம் உனக்கு எழுதி வெச்ச சொத்து ஆயிடுமா? அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா எங்கிட்ட. கிழிடி, தைக்க விடாதேன்னா. அதையும் நீ நல்லவளா இருந்து பிடுங்கிக்கிட்டியே."

கத்தரிக்கோலைக் கழுத்து விளிம்பில், தைத்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி வைத்து, ஒரு வெட்டு வெட்டினாள். கத்தரியை மேசையில் போட்டாள். மீதியைக் கையால் கிழித்தாள். துணி அலறிக்கொண்டு நெஞ்சைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, கீழ் ஓரம்வரைக்கும் போயிற்று. அவ்வளவு தூரம் எந்த முறையும் கேட்கவில்லை. மருமகளின் நெசவு அந்த ஆடுகிற பாதியில் ஒரு இழை பிரியாமல் அப்படியே இருந்தது.

மருமகள் வாயில் கையை வைத்துக்கொண்டு மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இந்த வீட்டில் இத்தனை நாளில் சத்தமாக அழுதவள் அவள்தான்.

அக்கா தம்பிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எழுந்திரு. உனக்கும் கிழிக்கறேன். அவ உனக்கும்தான் அம்மா."

தம்பி எழுந்தான். எழுந்தவன் ஒரு அடி பின்னால் போனான். அவன் வலது கை தானாக மேலே போய், கோட்டின் இடப்பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. கைக்குட்டை கீழே விழுந்தது. எடுக்கவில்லை. அவன் உதடு கோணியது. அழப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அழுதிருந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள்.

"வெளிய போ" என்றான்.

"தம்பி..." என்றார் போதகர்.

"நீங்க சும்மா இருங்க ஐயா. அக்கா, போ. மிச்ச நாளை உன் வாடகை ரூம்ல போய் உக்காரு. இந்தக் கோலத்தோட என் வீட்ல இருக்காதே. என்னால முடியல."

"உனக்கு எது முடியலன்னு எனக்குத் தெரியும்டா."

"போன்னு சொல்றேன்ல!"

அவள் பையை எடுக்கவில்லை. அம்மாவின் நைட்டி, அதன் மேல் இரண்டாகப் பிளந்த சட்டை, காலில் துணிச் செருப்பு. தலைவி காலை ஒதுக்கி வழிவிட்டாள். நடையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஆறுதல் சொல்லத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்தினார், சட்டையைப் பார்த்தார், தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார். நிற்கட்டும். பார்க்கட்டும். பார்ப்பதற்குத்தான் கிழித்தது.

அவள் படி இறங்கினாள். பின்னால் தம்பி கதவைச் சாத்தினான், சாவியைத் திருப்பினான், கொஞ்சம் யோசித்துத் தாழையும் போட்டான்.